நீல அங்கிக்காரர்கள் யாருக்காக வாளெடுத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி 2004-இல் ஒளிபரப்பிய, 1860-களில் கியோட்டோவைக் காவல் காத்த நீல அங்கி வாள்படையின் கதையான 'ஷின்சென்குமி!' தொடரைப் பற்றித் தமிழில் வரும் அறிமுகங்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் அதன் நாயகர்களை "மன்னருக்காக உயிர்விட்டவர்கள்" என்று எழுதுகிறார். இன்னொருவர் "மன்னரை எதிர்த்த கூலிப்படை" என்று எழுதுகிறார். இரண்டையும் படித்துவிட்டுத் தொடரைப் பார்க்க உட்காருகிறவர் பத்து வாரம் தாண்டுவதற்குள் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விட்டுவிடுகிறார். கோளாறு தொடரில் இல்லை. 'மன்னர்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு வேறு ஆட்களுக்குப் போட்டதால் வந்த வினை இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வாசகர்களுக்கு இதை விளக்க வெளியூர் உவமை தேவையே இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

அன்றைய ஜப்பானில் கியோட்டோவில் ஒருவர் இருந்தார். எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், இன்னொருவர் இருந்தார். கியோட்டோவில் இருந்தவர் பேரரசர். ஆண்டுக்குப் பெயர் வைப்பது, பட்டங்கள் வழங்குவது, சடங்குகளை நடத்துவது அவர் வேலை. எடோவில் இருந்தவர் ஷோகுன். படை, கருவூலம், சட்டம் எல்லாம் அவர் கையில். ஆனால் அந்த ஷோகுன் பதவியையே முறைப்படி கொடுப்பவர் பேரரசர்தான். பதவியின் முழுப் பெயருக்குப் 'புறத்தாரை அடக்கும் பெரும்படைத் தலைவர்' என்று பொருள். 1603-இல் தோகுகாவா இயேயாசு இந்தப் பதவியைப் பெற்றார். 1867 வரை அவர் குடும்பத்தில் 15 பேர் அடுத்தடுத்து ஷோகுன்களாக இருந்தார்கள். இந்த ஆட்சிக்கு 'பக்குஃபு' என்று பெயர். போர்க்களத்தில் திரை கட்டி அமைத்த தலைவரின் இருப்பிடம் என்பது அதன் மூலப்பொருள். நம் பழந்தமிழில் அதற்குப் 'பாசறை' என்ற நல்ல சொல் இருக்கிறது.

பாராமகால், அதாவது நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, 1792 வரை யார் கையில் இருந்தது என்று நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் ஹைதர், திப்பு என்று சொல்லும். ஹைதர் அலி மைசூரை ஆண்டபோது ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில் உடையார் அரசர் இருந்துகொண்டுதான் இருந்தார். அரசர் பெயர் அரசருக்கு, ஆட்சி ஹைதருக்கு. ஹைதருக்கும் முன்பே களலே குடும்பத்துத் தளவாய்கள் இப்படித்தான் ஆண்டார்கள். தளவாய் என்றால் படைத்தலைவர் என்பதும், படைத்தலைவர் நாட்டையே நடத்தலாம் என்பதும் நமக்குப் புதிய செய்தியல்ல. ஷோகுனை முதல் முறை குறிப்பிடும்போது 'தளவாய்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். உவமை எதுவரை பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். உடையாரை ஓரங்கட்டிய ஏற்பாடு சில பத்தாண்டுகளே நீடித்தது. தோகுகாவா ஏற்பாடு 264 ஆண்டுகள் நீடித்தது. அவ்வளவு காலம் ஓடிய பிறகு அதை யாரும் அபகரிப்பாகப் பார்க்கவில்லை, நாட்டின் இயல்பான ஒழுங்காகவே பார்த்தார்கள். தொடரில் வருகிறவர்கள் ஷோகுனுக்கு விசுவாசமாக இருப்பதைத் துரோகமாக நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஷோகுனுக்குக் கீழே ஏறத்தாழ 260 'தைம்யோ'க்கள் இருந்தார்கள். இவர்களைப் பாளையக்காரர்கள் என்றே சொல்லலாம். நிலம் அவர்களுடையது, படை அவர்களுடையது, கூப்பிட்டால் போக வேண்டும். ஒரு தைம்யோவின் தகுதியை 'கொக்கு' என்ற அளவால் சொல்வார்கள். ஒரு கொக்கு சுமார் 180 லிட்டர் அரிசி, எடையில் 150 கிலோ அளவு, ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடப் போதுமானது. குறைந்தது 10,000 கொக்கு விளையும் நிலம் இருந்தால்தான் தைம்யோ. பாளையக்காரரிடமிருந்து அவர்கள் வேறுபடுவது ஓரிடத்தில். தைம்யோவின் மனைவியும் வாரிசும் எடோவிலேயே தங்க வேண்டும். அவரும் ஓராண்டு விட்டு ஓராண்டு அங்கே வந்து இருக்க வேண்டும். பிணை வைத்து ஆளும் முறை.

இப்போது விசுவாசத்துக்கு வருகிறேன். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இது எளிது. பல்லவர் காலத்துக் கல்லில் முதல் வரி 'கோவிசைய' என்று தொடங்கிப் பேரரசனின் பெயரையும் யாண்டையும் சொல்லும். அடுத்து, கங்கரைசர், வாணகோ அரைசர் என்று அந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசரின் பெயர் வரும். அதற்குப் பிறகுதான் அவருடைய 'சேவகன்' அல்லது 'இளமகன்' இன்னார், தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டான் என்று வரும். செத்தவன் முகம் தெரிந்த தலைவனுக்காகச் செத்தான். கல்லில் ஆண்டு மட்டும் தொலைவில் இருந்த பல்லவனுடையது. அந்த வீரனைப் 'பல்லவனுக்கு விசுவாசமானவனா, எதிரானவனா' என்று கேட்டால் கேள்வியே பிழை. ஜப்பானிலும் ஆண்டுக் கணக்கு பேரரசர் பெயரில் ஓடியது. சோறு போட்டவரும் கட்டளையிட்டவரும் வேறு. மூன்று அடுக்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் தொடரின் ஒவ்வொரு சண்டையும் விளங்கும்.

தொடரின் நாயகர் கொண்டோ இசாமி பிறப்பால் சாமுராய் அல்ல. 1834-இல் எடோவுக்கு மேற்கே தாமா பகுதியில் ஒரு விவசாயிக்கு மூன்றாம் மகனாகப் பிறந்தவர். வாள் பயிற்சிக் கூடத்தின் தலைவருக்குத் தத்துப்போய், 'தென்னென் ரிஷின்' என்ற அந்த வாள்மரபுக்கு நான்காம் தலைவரானார். துணைத்தலைவர் ஹிஜிகாத்தா தோஷிசோவும் தாமாக்காரர். அவர் வீட்டில் 'இஷிதா சான்யாக்கு' என்ற மருந்துப் பொடி தயாரித்தார்கள். ஆற்றோரம் வளரும் ஒரு செடியைக் கோடையின் உச்சத்தில் குறிப்பிட்ட நாளில் அறுத்து, உலர்த்தி, வறுத்துக் கருக்கி, அரிசி மது தெளித்து, மறுபடி உலர்த்திப் பொடியாக்குவார்கள். அடிபட்ட வீக்கத்துக்குச் சூடான மதுவோடு உள்ளுக்குக் கொடுப்பது. நம் சூரணக்காரர்கள் போல அதைச் சுமந்து ஊர் ஊராக விற்றவர் ஹிஜிகாத்தா. தொடரில் அவர் மருந்துப்பெட்டியோடு வரும் காட்சிகள் இட்டுக்கட்டியவை அல்ல.

தாமா நிலம் எந்த தைம்யோவுக்கும் சேராமல் பெரும்பாலும் ஷோகுனின் நேரடி நிலமாக இருந்தது. அங்கே உழுதவர்கள் வரி கட்டியது நேராக ஷோகுன் ஆட்சிக்கு. இடையில் பாளையக்காரர் இல்லாததால் 'எங்கள் தலைவர்' என்றால் அவர்களுக்கு ஷோகுன்தான். பரம்பரைச் சாமுராய்கள் பலர் 1868-இல் பக்கம் மாறியபோது இந்த உழவர் மகன்கள் மாறாததற்கு மண்ணில் இருக்கிறது காரணம். தொடரின் முதல் கால்பகுதி கியோட்டோ போகாமல் தாமாவிலும் எடோவிலுமே சுற்றுவதால் 'இழுவை' என்று பலர் தள்ளி ஓட்டிவிடுகிறார்கள். அதைத் தள்ளினால் பிறகு வரும் எதற்கும் காரணம் தெரியாமல் போகும்.

1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி நான்கு கப்பல்களோடு உராகாவில் வந்து நின்றதிலிருந்து கலகம் தொடங்கியது. ஷோகுன் ஆட்சி பணிந்து ஒப்பந்தம் போட்டது. 'பேரரசரைப் போற்று, அந்நியரை விரட்டு' என்ற முழக்கத்தோடு ஊர்விட்ட சாமுராய்கள் கியோட்டோவில் குவிந்தார்கள். ஷோகுன் ஆட்சிக்குத் துணைபோனவர்களை இரவில் வெட்டி, 'விண்ணின் தண்டனை' என்று எழுதி வைத்தார்கள். ஊரை அடக்க 1862-இல் கியோட்டோ காவல் பொறுப்பை ஐசு நாட்டுத் தைம்யோ மட்சுதைரா கதாமோரிக்குக் கொடுத்தது ஷோகுன் ஆட்சி. ஐசுவின் மூத்த அமைச்சர்கள் வேண்டாம் என்று மன்றாடினார்கள். அவர் ஏற்றார். காரணம் 1668-இல் அந்த வம்சத்தின் மூலவர் ஹோஷினா மசயுகி எழுதிவைத்த 15 குலவிதிகளில் முதலாவது: ஷோகுனுக்கு ஒருமனத்தோடு உழை, மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்க்காதே, இரண்டு மனம் கொண்டவன் என் வழித்தோன்றல் அல்லன்.

1863 தொடக்கத்தில் ஷோகுன் இயேமோச்சி கியோட்டோ போக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் பாதுகாப்புக்கென்று எடோவில் திரட்டிய சுமார் 230 ரோனின்கள், அதாவது தலைவர் இல்லாத வாள்காரர்கள், மலைப்பாதையில் நடந்து போனார்கள். போய்ச் சேர்ந்ததும் திரட்டிய கியோகாவா ஹாச்சிரோ தன் நோக்கமே வேறு, இனி நாம் பேரரசருக்காக அந்நியரை விரட்டும் படை என்று அறிவித்து, எல்லாரையும் எடோவுக்குத் திருப்பினார். திரும்ப மறுத்து மிபு கிராமத்தில் தங்கியவர்களில் கொண்டோ கூட்டத்தார் எட்டுப் பேர், மிதோ பகுதி செரிசாவா காமோ கூட்டத்தார் ஐந்து பேர். இவர்களைக் கதாமோரி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அடுக்கைக் கவனிக்க வேண்டும்: பேரரசர், ஷோகுன், ஐசு தைம்யோ, அவருக்குக் கீழே ஷின்சென்குமி. நடுகல்லை விட இங்கே ஓர் அடுக்கு கூடுதல்.

அந்த நாளில் இந்த நான்கு அடுக்கும் ஒரே திசையில்தான் நின்றன. இதைத்தான் "மன்னரை எதிர்த்த" என்று எழுதுகிறவர்கள் தவறவிடுகிறார்கள். கோமெய் பேரரசர் அந்நியரை வெறுத்தார். ஆனால் ஷோகுன் ஆட்சியைக் கவிழ்க்க விரும்பவில்லை. தன் தங்கை கசுனோமியாவை 1862-இல் ஷோகுனுக்குக் கொடுத்தவர் அவர். 1863-இல் பழைய நாட்காட்டியின் எட்டாம் மாதம் 18-ஆம் நாள் ஐசுவும் சட்சுமா என்ற இன்னொரு தைம்யோ நாடும் சேர்ந்து, தீவிரவாதிகளான சோஷு நாட்டாரை அரண்மனைக் காவலிலிருந்து வெளியேற்றின. மகிழ்ந்துபோன பேரரசர் கதாமோரிக்குத் தன் கைப்பட நன்றிக் கடிதமும் இரண்டு பாடல்களும் எழுதிக் கொடுத்தார். ஷின்சென்குமி என்ற பெயரும் அந்த நிகழ்வை ஒட்டிக் கிடைத்ததே.

கடிதத்தின் பின்கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஐந்தாண்டு கழித்து அதே கதாமோரி 'அரண்மனையின் எதிரி' என்று அறிவிக்கப்பட்டார். அவருடைய கோட்டை ஒரு மாதம் முற்றுகையில் கிடந்து விழுந்தது. அவர் கடைசிவரை தன் தரப்பை நியாயப்படுத்தி எதுவும் பேசவில்லை. பிற்காலத்தில் நிக்கோவில் தோகுகாவா மூலவரின் கோயிலுக்குத் தலைமைப் பூசாரியாக இருந்தார். 1893-இல் அவர் இறக்கும்வரை உடலோடு வைத்திருந்த சிறு மூங்கில் குழலுக்குள் பேரரசரின் அந்தக் கடிதம் இருந்தது. "மன்னருக்கு எதிரி" என்று எழுதுமுன் அந்த மூங்கில் குழலை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பார்வையாளர்கள் தொலைந்துபோகும் அடுத்த இடம் சட்சுமா. 1863-இலும் 1864-இலும் சட்சுமா, ஐசு ஒரு பக்கம். சோஷு எதிர்ப் பக்கம். 1866-இல் சட்சுமா இரகசியமாகச் சோஷுவோடு கைகோத்தது. 1868-இல் சட்சுமா, சோஷு ஒரு பக்கம். ஐசு எதிர்ப் பக்கம். இந்த நான்கு ஆண்டுகளையும் ஒரு தாளில் குறித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

தொடரின் நடுப்பகுதியில் வரும் இக்கேதாயா விடுதிச் சண்டை ஷின்சென்குமியைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. 1864 ஜூலை 8 இரவு. கியோட்டோவில் கியோன் திருவிழா நெருங்கிய நாள். மலைகள் சூழ்ந்த ஊர், ஜூலையில் காற்று அசையாது. ஷோகுன் எதிர்ப்பாளர்களின் சதிக்கூட்டம் எந்த விடுதியில் என்று தெரியாததால் 34 பேரும் பிரிந்து தேடினார்கள்: கொண்டோவோடு 10 பேர், ஹிஜிகாத்தா பக்கம் 24 பேர். வரவேண்டிய ஐசுப் படை நேரத்துக்கு வரவில்லை. இரவு பத்து மணி அளவில் கொண்டோவின் சிறு கூட்டம்தான் சரியான கதவைத் தட்டியது. வாசல்களை அடைக்க ஆள் நிறுத்தியதுபோக உள்ளே நுழைந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மாடியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள்.

பிறகு கொண்டோ ஊருக்கு எழுதிய கடிதத்தில் வாள்களின் நிலையைச் சொல்கிறார். படையினரில் நாககுரா ஷின்பாச்சியின் வாள் முறிந்தது. ஒகிதா சோஜியின் வாள் நுனி போயிற்று. தோதோ ஹெய்சுகேயின் வாள் விளிம்பு முழுக்கப் பல்பல்லாகச் சிதைந்து, மூங்கில் துடைப்பம் போலாயிற்று. தன் வாள் 'கொத்தெட்சு' என்ற பேர்பெற்ற வாள்கொல்லர் செய்தது என்பதால் தப்பியது என்று அவர் எழுதியிருக்கிறார். அது உண்மையான கொத்தெட்சுதானா என்ற ஐயம் இன்றுவரை இருக்கிறது. இதைப் படிக்கும்போது தகடூர்க்காரர்களுக்கு ஔவை தொண்டைமானிடம் தூது போனது நினைவுக்கு வராமல் இருக்காது. உன் ஆயுதங்கள் மாலை சூடி நெய் பூசி அழகாக அடுக்கியிருக்கின்றன, அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றாளே, அந்தக் கொட்டிலில் கிடந்தவைதான் இவையும்.

ஏன் உடைந்தன? அரிவாளுக்குத் தோய்ச்சல் வைக்கும் பட்டறைக்காரருக்கு இது உடனே புரியும். ஜப்பானிய வாளுக்குத் தோய்ச்சல் வைக்குமுன் களிமண் பூசுவார்கள், முதுகில் தடிப்பாக, வாய்ப்பக்கம் மெல்லிதாக. காய்ச்சித் தண்ணீரில் இறக்கும்போது வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்ந்து இளக்கமாக நிற்கும். கடினமான வாய் நன்றாக வெட்டும், ஆனால் கடினமான பொருளில் பட்டால் சில்லுச் சில்லாகப் போகும். இக்கேதாயா தாழ்ந்த கூரையும் குறுகிய மாடிப்படியும் உள்ள மர வீடு. சுமார் 70 செ.மீ. நீளமுள்ள அலகைத் தலைக்கு மேல் ஓங்கினால் உத்தரத்தில் மாட்டும், தூணில் மாட்டும், எதிராளியின் வாளிலும் உள்ளே போட்ட சங்கிலிச் சட்டையிலும் படும். அதனால்தான் வீட்டுக்குள் சண்டையில் ஓங்கி வெட்டுவதை விடக் குத்து உதவியது. தோதோ புழுக்கம் தாங்காமல் நெற்றிக் காப்பைக் கழற்றிய வேளையில் நெற்றியில் வெட்டுப்பட்டார். ஒகிதா சண்டையின் நடுவிலேயே உடல் முடியாமல் சுருண்டார். அப்போதே அவர் இரத்தம் கக்கினார் என்று திரையில் காட்டுவது வழக்கம். அன்றைய வெப்பத்தில் மயங்கியிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காசநோய் அவரைக் கொண்டுபோனது நான்காண்டு கழித்து, 1868 ஜூலையில்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சதிகாரர்கள் கியோட்டோவுக்குத் தீ வைத்துப் பேரரசரைக் கடத்தத் திட்டமிட்டார்கள் என்ற வாக்குமூலம், பிடிபட்ட ஃபுருத்தாகா ஷுந்தாரோவைச் சித்திரவதை செய்து வாங்கியது. அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. படைக்குள் இருந்த கொடுமையும் சிறியதல்ல. செரிசாவா காமோவை 1863-இல் மிபுவில் யாகி வீட்டில் தூங்கும்போது வெட்டிக் கொன்றவர்கள் அவருடைய சொந்தப் படையினரே. அந்த வாள் கீறல் இன்றும் அந்த வீட்டின் நிலைக்கட்டையில் இருக்கிறது. படையை விட்டு ஓடக் கூடாது, தனியாகப் பணம் திரட்டக் கூடாது, தனியாக வழக்குப் பேசக் கூடாது, வீரநெறி தவறக் கூடாது; மீறினால் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும். நாககுராவின் நினைவுக்குறிப்புகளில் இருப்பவை இந்த நான்குதான். 'சொந்தச் சண்டை கூடாது' என்ற ஐந்தாவது பிற்காலத்தில் சேர்ந்தது. ஆகவே "ஐந்து கட்டளைகள்" என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். தொடக்கம் முதல் கூடவே வந்த யாமனாமி கெய்சுகே 1865-இல் படையை விட்டுப் போய், பிடிபட்டு, இந்த விதிப்படியே செத்தார். தலையை வெட்டித் துணைநின்றவர் அவர்மீது மிகப் பிரியம் கொண்ட ஒகிதா. தொடரின் 33-ஆம் பகுதி அது. 49 பகுதிகளில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் அதைப் பார்க்கச் சொல்வேன்.

கொடியைப் பற்றியும் ஒரு சொல். சிவப்பில் வெள்ளையாக எழுதிய 'மகோதோ' என்ற எழுத்தைத் தமிழில் 'விசுவாசம்' என்று பெயர்க்கிறார்கள். அந்த எழுத்தின் ஒரு பாதி 'சொல்', மறுபாதி 'ஆகுதல்'. சொன்னது நடப்பது. நமக்கு அதற்கு 'வாய்மை' இருக்கிறது. விசுவாசம் என்றால் யாருக்கு என்ற கேள்வி எழும். வாய்மை தன் சொல்லுக்குத் தான் நிற்பது. படத்தில் பலமுறை காட்டும் அந்தக் கொடியின் பொருள் மாறினால் கதையே மாறிவிடுகிறது.

கோமெய் பேரரசர் 1867 ஜனவரியில் இறந்தார். அடுத்து வந்த மெய்ஜிக்கு அப்போது வயது 14. பேரரசர் மாறினார், அடுக்கு பிளந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கடைசி ஷோகுன் யோஷினோபு ஆட்சியைத் திருப்பி ஒப்படைத்தார். 1868 ஜனவரியின் கடைசியில் தோபா, ஃபுஷிமி பகுதியில் போர். ஷோகுன் பக்கம் ஏறத்தாழ 15,000 பேர், எதிரே ஏறத்தாழ 5,000 பேர். தோற்றது பெரிய படை. எதிர்த் தரப்பின் துப்பாக்கியும் பயிற்சியும் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு துணி. பொன் சூரியனும் வெள்ளி நிலவும் பதித்த சிவப்புப் பட்டுக் கொடியை, பேரரசரின் படை என்பதற்கு அடையாளமாக, முன்கூட்டியே தைத்துத் தயாராக வைத்திருந்தார்கள் சட்சுமா, சோஷு தரப்பார். அது களத்தில் எழுந்ததும் எதிரே நின்றவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் கலகக்காரர்கள் ஆனார்கள். யோஷினோபு ஜனவரி 30 இரவு ஒசாகா கோட்டையை விட்டு, தன் வீரர்களுக்குச் சொல்லாமல், கதாமோரியையும் கட்டாயப்படுத்தி அழைத்துக்கொண்டு, போர்க்கப்பலில் எடோவுக்குப் போய்விட்டார். தளவாய் போன பிறகும் சேவகர்கள் நின்றார்கள். கொண்டோ நாகரேயாமாவில் வேறு பெயர் சொல்லிச் சரணடைந்து, அடையாளம் தெரிந்து, 1868 மே 17 அன்று இத்தாபாஷியில் தலை வெட்டப்பட்டார். சாமுராய்க்குரிய சாவைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. தொடர் அங்கே முடிகிறது.

தேதிகளில் பிழை வராமல் இருக்க ஒரு வழி. ஜப்பானியக் குறிப்புகளில் 'கெஞ்சி முதலாண்டு ஆறாம் மாதம் 5' என்று இருப்பதைச் சிலர் ஜூன் 5 என்று போட்டுவிடுகிறார்கள். அது சந்திர நாட்காட்டி. அந்த நாள்தான் ஜூலை 8, 1864. புன்கியூ 3 என்றால் 1863, கெஞ்சி 1 என்றால் 1864, கெய்யோ 1 என்றால் 1865, கெய்யோ 4 என்றால் 1868. மாதம் ஏறத்தாழ ஒன்று தள்ளி வரும். வயதிலும் இதே சிக்கல். அன்று பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். கொண்டோ 35 வயதில் இறந்தார் என்பது அந்தக் கணக்கு. நம் கணக்கில் 33.

தொடர் வரலாற்றிலிருந்து விலகும் இடங்களும் உண்டு. கதாசிரியர் மிதானி கோகி பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஒரே நாள் என்ற கட்டமைப்பில் எழுதினார். அதற்காக நிகழ்ச்சிகளை நெருக்கிக் கட்டியிருக்கிறார். முதல் பகுதியில் கொண்டோ, ஹிஜிகாத்தா ஆகியோர் சகாமோதோ ரியோமா, கட்சுரா கொகோரோ ஆகியோரோடு சேர்ந்து பெர்ரியின் கப்பல்களைப் பார்க்கப் போவது கற்பனை. ஜப்பானிலேயே அப்போது கண்டனம் வந்தது. நீல அங்கியும் அப்படித்தான். ஷின்சென்குமி என்றதும் எல்லாரும் நினைக்கும் அந்த அங்கியை அவர்கள் சுமார் ஓராண்டு போட்டார்கள், பிறகு கறுப்புக்கு மாறிவிட்டார்கள். அந்த நிறத்துக்கு 'அசாகி' என்று பெயர். அவுரிச் சாயத் தொட்டியில் சில முறை மட்டும் தோய்த்தெடுத்தால் வரும் பச்சை கலந்த வெளிர்நீலம். அதிகம் தோய்க்காததால் மலிவு. எடோ நகரத்தார் பட்டிக்காட்டுச் சாமுராய்களைக் கேலி செய்யவும் அதே நிறத்தைச் சொன்னார்கள். வயிறு கிழித்துச் சாகப் போகிறவர் உடுத்துவதும் அந்த நிறம். கைவிளிம்பில் உள்ள வெள்ளை மலைமுகடுகள், தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 ரோனின்களின் நாடக உடையைப் பின்பற்றியவை.

ஓசூர்ப் பக்கம் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். காது பழக இந்தத் தொடர் உதவும். இதில் பேச்சு மற்றச் சரித்திரத் தொடர்களை விட இக்காலத்துக்கு நெருக்கமானது. ஆனாலும் 'செஷ்ஷா', 'சொரெகாஷி' என்று தன்னைச் சொல்வதையும், 'கொசாரு' என்று முடிப்பதையும், நன்றிக்குக் 'கதாஜிகெனாய்' என்பதையும் நேர்காணலில் பேசக் கூடாது. அவை கல்வெட்டுத் தமிழ் போல, புரிந்துகொள்ள மட்டும்.

தங்கள் நாளிதழின் இணைப்பில் இனி இத்தகைய தொடர்களை அறிமுகப்படுத்தும்போது மூன்று சொற்களை மட்டும் கறாராகப் பிரித்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்: கியோட்டோவில் இருப்பவர் பேரரசர், எடோவில் இருப்பவர் ஷோகுன், முதல் முறை 'தளவாய் போன்றவர்' என்ற விளக்கத்தோடு, நாட்டுத் தலைவர்கள் தைம்யோ அல்லது பாளையக்காரர். 'மன்னர்' என்ற சொல்லை எங்கும் போட வேண்டாம். 2006 ஜனவரி 3 அன்று ஒளிபரப்பான தொடர்ச்சிப் படம், 1869 ஜூனில் ஹக்கோதாதேயில் ஹிஜிகாத்தா வீழ்ந்த கடைசி நாளைச் சொல்வது. அதைத் தனிக்கதை என்று அறிமுகப்படுத்தாமல், 49 பகுதிகளையும் முடித்த பிறகே பார்க்க வேண்டியது என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
தர்மபுரி.